கலவை மிஷின் மோட்டார் கருகிவிட்டது: கையிலிருக்கும் 2880 மோட்டாரைப் போடலாமா?

கொத்தனார் மகன்:

வணக்கம். அப்பா காலத்துக் கலவை மிஷின் ஒன்று வைத்திருக்கிறேன். கையால் சாய்த்துக் கொட்டும் ரகம், அரை மூட்டை சிமெண்டுக்கான கலவை பிடிக்கும். அப்பா கொத்தனார். சாயங்காலம் வேலை முடிந்ததும் மிஷினைக் கழுவி டிரம்மைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் அவர் கை கால் கழுவுவார். அதனால் டிரம், பல் சக்கரம், ஃபிரேம் எல்லாம் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. போனது மோட்டார் மட்டும்தான்.

போன வாரம் தளம் போடும் வேலையில் ஓடிக்கொண்டிருந்தபோது முனகல் சத்தம் கேட்டது. வார்னிஷ் கருகும் நாற்றம் வந்தது. சுவிட்சை அணைப்பதற்குள் புகையும் வந்துவிட்டது. இப்போது சுவிட்ச் போட்டால் பிரேக்கர் விழுகிறது. பெயர்த் தகட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்ததில் 1 ஹெச்.பி., 1440 என்ற இரண்டை மட்டும்தான் படிக்க முடிந்தது. சிங்கிள் பேஸ், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

மரம் அறுக்கும் மேசையிலிருந்து கழற்றிய மோட்டார் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. 2 ஹெச்.பி., 2880 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 2880 சுற்று), அதுவும் சிங்கிள் பேஸ்தான். பக்கவாட்டில் காற்றுக்காகத் திறப்பு விட்ட பாடி. ஒன்றுக்கு இரண்டு ஹெச்.பி. இருக்கிறதே, பாரம் இழுக்கப் பயமில்லை என்று நினைக்கிறேன். இதையே மாட்டிவிடலாமா? புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

அளவுகள்: மோட்டார் புல்லி 3 அங்குலம், பெரிய புல்லி 14 அங்குலம், ஒற்றை பெல்ட், மேலே ஏ-56 என்று போட்டிருக்கிறது. பெரிய புல்லி தண்டில் இருக்கும் பினியனுக்கு (சின்னப் பல் சக்கரம்) 12 பல். டிரம்மைச் சுற்றியுள்ள பல் வளையத்துக்கு 132 பல், சாக்பீஸால் அடையாளம் வைத்து இரண்டு தடவை எண்ணினேன். டிரம்மின் அகலமான இடத்தில் உள்விட்டம் 70 செ.மீ.

சல்லடை:

தாராளமாப் போடுங்க. 2 ஹெச்.பி.ன்னா நல்லா இழுக்கும். டிரம் கொஞ்சம் வேகமா சுத்தும், கலவையும் சீக்கிரம் ஆயிடும். ஆணி ஓட்டை மட்டும் பொருந்துதான்னு பாத்துக்குங்க.

வைண்டிங்காரர்:

தம்பி, அந்த 2880-ஐ மாட்டிவிடாதீர்கள். சல்லடை நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இந்த இடத்தில் அது சரிவராது. காரணத்தை அடுத்துச் சொல்கிறேன். முதலில் பழைய மோட்டாரைப் பிரித்துப் பார்த்துச் சில விஷயங்களை எழுதுங்கள்.

முப்பது வருடத்துக்கு மேலாக மோட்டார் கட்டுகிறேன். கருகிய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது “எத்தனை ஹெச்.பி. போடலாம்?” என்பதுதான். “இது ஏன் கருகியது?” என்று கேட்பவர் அபூர்வம். அதைத் தெரிந்துகொள்ளாமல் புதிதை மாட்டினால் அடுத்த தளத்தில் அதுவும் கருகும். தகட்டின் பெயிண்ட் கூட மங்காத மோட்டாரை அப்படி என் மேசையில் பிரித்திருக்கிறேன். நல்ல தாமிரம் வீணாகக் கரியாகிக் கிடப்பதைப் பார்க்க வயிறு எரியும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கண்டன்சரின் இரண்டு முனையையும் ஒரு பல்பின் இரண்டு ஒயரால் தொட்டுச் சார்ஜை இறக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்க விடுகிற பழக்கம் வேண்டாம். பிறகு புல்லிக்கு எதிர்ப்பக்க மூடியைக் கழற்றுங்கள். உள்ளே இரண்டு விதமான சுருள் இருக்கும். தடித்த கம்பி ரன்னிங், மெல்லிய கம்பி ஸ்டார்ட்டிங். இரண்டில் எது கருப்பாகியிருக்கிறது? வேகம் ஏறியதும் தானாகத் திறந்துகொள்ளும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் அந்த மூடியிலேயே இருக்கும், அதன் பாயிண்ட் எப்படி இருக்கிறது? ரோட்டர் தண்டில் எடையும் ஸ்பிரிங்கும் உள்ள வளையம் கையால் தள்ளினால் வழுக்கிப் போகிறதா, பிடிக்கிறதா?

மிஷினுக்குக் கரண்ட் எவ்வளவு தூரத்திலிருந்து, எத்தனை சதுர மில்லிமீட்டர் ஒயரில் வந்தது என்றும் எழுதுங்கள். அதோடு, கருகிய அன்று டிரம் காலியாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆனதா, கலவையோடு ஸ்டார்ட் ஆனதா?

கொத்தனார் மகன்:

ஐயா, பிரித்துப் பார்த்துவிட்டேன். தடித்த கம்பி முக்கால்வாசி இன்னும் தேன் நிறத்தில் பளபளப்பாகவே இருக்கிறது. அதன் இடையிடையே வரும் மெல்லிய கம்பி அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது. நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்கிறது. கட்டியிருந்த நூல் தொட்டதும் அறுகிறது. கண்டன்சரின் கருப்பு டப்பா ஒரு பக்கம் உப்பி, மேலே இருக்கும் அடைப்பு பிதுங்கி வெளியே வந்திருக்கிறது.

சுவிட்ச் பாயிண்ட் கருத்திருக்கிறது, ஆனால் ஒட்டிக்கொள்ளவில்லை. வளையத்தைத் தள்ளினால் பாதிவரை வந்து நிற்கிறது. அதன் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவம், குண்டூசியால் குத்தினால் கல் மாதிரி இருக்கிறது. சிமெண்ட்தான். இவ்வளவு உள்ளே எப்படிப் போனது என்று எனக்கே ஆச்சரியம்.

ஒயர் 1.5 சதுர மி.மீ. நீளம் 40 மீட்டர். அதில் பாதி உருளையில் சுற்றியபடியே இருந்தது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருந்தபோது என்று நான் எழுதியது சரியில்லை. நடுவில் கரண்ட் போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தது. டிரம்மில் முழுக் கலவை அப்படியே இருந்தது. சுவிட்சைப் போட்டதும் முனகிக்கொண்டு மெதுவாகத்தான் சுற்றியது, வேகம் ஏறவே இல்லை. இதோ ஏறிவிடும், இதோ ஏறிவிடும் என்று அரை நிமிடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் புகை வந்தது.

வைண்டிங்காரர்:

நீங்கள் எழுதியதிலேயே கருகிய கதை முழுக்க வந்துவிட்டது.

அந்த மெல்லிய சுருளும் கண்டன்சரும் ஒரு சில விநாடி வேலைக்கு மட்டும் கட்டப்பட்டவை. நின்ற மோட்டாரைத் தூக்கி ஓடவைப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. வேகம் ஏறக்குறைய முக்கால்வாசியை, அதாவது உங்கள் மோட்டாரில் 1100 ஆர்.பி.எம். பக்கத்தைத் தொட்டதும், தண்டிலிருக்கும் எடைகள் விரிந்து வளையத்தை இழுக்கும். சுவிட்ச் “டிக்” என்று திறந்துகொள்ளும், ஸ்டார்ட்டிங் சுருள் வெளியேறிவிடும். உங்கள் மோட்டார் அன்று அந்த வேகத்தைத் தொடவே இல்லை. தொட்டிருந்தாலும் சிமெண்ட் பிடித்த வளையம் முழுதாக நகர்ந்திருக்காது. சில விநாடி தாங்க வேண்டிய சுருள் அரை நிமிடத்துக்கு மேல் முழுக் கரண்டைச் சுமந்தது. அதனால்தான் மெல்லிய கம்பி கரியானது, தடித்தது பிழைத்தது.

வேகம் ஏன் ஏறவில்லை? ஒரு காரணம் டிரம்மில் இருந்த பாரம். ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2400 கிலோ. உங்கள் டிரம்மில் 80 லிட்டர் இருந்தது என்று வைத்தாலே 190 கிலோ. ஓடுகிற டிரம்மில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடும்போது அது பெரிய பாரமாகத் தெரியாது. பத்து நிமிடம் அடியில் படிந்து உட்கார்ந்த கலவையை நின்ற இடத்திலிருந்து பெயர்த்தெடுப்பதுதான் கஷ்டம்.

இன்னொரு காரணம் ஒயர். இதை யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதே இல்லை. 1.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் 40 மீட்டர் என்றால் கரண்ட் போக 40, வர 40, ஆக 80 மீட்டர். அதன் தடை ஏறக்குறைய 1 ஓம். 1 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் ஸ்டார்ட் ஆகும்போது 40 ஆம்பியர் வரை இழுக்கும். 1 ஓமில் 40 ஆம்பியர் போனால் 40 வோல்ட் ஒயரிலேயே செத்துவிடும். மோட்டாருக்குக் கிடைத்தது 190. முறுக்கு விசை வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 190-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள், 0.68 வரும். மூன்றில் ஒரு பங்கு பலம் மோட்டாரை எட்டுவதற்கு முன்பே போய்விட்டது. உருளையில் சுற்றியபடி விட்டதால் ஒயர் சூடாகித் தடை இன்னும் ஏறியிருக்கும். அதே 40 மீட்டருக்கு 4 சதுர மி.மீ. போட்டிருந்தால் 15 வோல்ட்தான் விழுந்திருக்கும், 87 சதவீத பலம் கையில் இருந்திருக்கும். புது மோட்டார் வாங்கும் முன் ஒயரை வாங்குங்கள். உருளையிலிருந்து முழுதாக அவிழ்த்துப் போட்டு ஓட்டுங்கள்.

இப்போது அந்த 2880. ஹெச்.பி. என்பது முறுக்கையும் வேகத்தையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. 1440-இல் 1 ஹெச்.பி. தருகிற மோட்டாரின் முறுக்கு ஏறக்குறைய 5 நியூட்டன் மீட்டர். 2880-இல் 2 ஹெச்.பி. தருகிற மோட்டாருக்கும் அதே 5 நியூட்டன் மீட்டர்தான். நம்பர் இரட்டிப்பாகத் தெரிகிறது, தண்டை முறுக்கும் பலம் ஒரு பொட்டு கூட ஏறவில்லை. பழைய புல்லியோடு அதை மாட்டினால் டிரம்மை நகர்த்தும் பலம் பழையதேதான், வேகம் மட்டும் இரண்டு பங்கு.

அந்த வேகம் என்ன செய்யும் என்று பாருங்கள். உங்கள் கணக்குப்படி 1440-ஐ 14-க்கு 3 என்று குறைத்தால் 309. அதைப் பல் கணக்கில் 11-ஆல் வகுத்தால் டிரம் நிமிடத்துக்கு 28 சுற்று. அருமையான வேகம். கலவை மேலே ஏறி, உச்சிக்குக் கொஞ்சம் கீழேயிருந்து புரண்டு விழும். அந்த விழுதல்தான் கலப்பு. 2880 போட்டால் 56 சுற்று. எந்த உருளைக்கும் ஒரு எல்லை வேகம் உண்டு. 42.3-ஐ விட்டத்தின் வர்க்க மூலத்தால் வகுத்தால் வரும், விட்டம் மீட்டரில். 0.7 மீட்டருக்கு 50 சுற்று, டிரம் சாய்ந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் குறைவு. அதைத் தாண்டினால் கலவை கீழே விழாது. டிரம் சுவரோடு ஒட்டிக்கொண்டு அப்படியே சுற்றிவரும். பத்து நிமிடம் ஓட்டினாலும் ஜல்லி ஜல்லியாகவும் சாந்து சாந்தாகவும்தான் இருக்கும். சீக்கிரம் கலக்கும் என்று சல்லடை நினைத்ததற்கு நேர் எதிராக நடக்கும்.

புல்லியை மாற்றிச் சமாளிக்கலாமே என்று தோன்றும். பாதி வேகத்துக்கு மோட்டார் புல்லி ஒன்றரை அங்குலம் ஆக வேண்டும். ஏ செக்‌ஷன் பெல்ட் 75 மி.மீ.க்குக் கீழே வளைந்தால் ஆயுள் குறையும், பிடிப்பும் போதாது. ஒன்றரை அங்குலத்தில் வழுக்கி வழுக்கியே எரியும். அந்த மோட்டாரை மரம் அறுக்கும் மேசைக்கே விட்டுவிடுங்கள்.

ஆகவே புது மோட்டார்: 1 ஹெச்.பி., நான்கு போல் (நான்கு காந்த முனை). தகட்டில் 1400-லிருந்து 1440-க்குள் இருக்கும். 60 ஹெர்ட்ஸ் சப்ளை உள்ளவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு அதே நான்கு போல் 1700 சொச்சம் ஓடும், புல்லியை அதற்கேற்பக் கணக்குப் போட வேண்டும். கண்டன்சர் ஸ்டார்ட், அல்லது ஸ்டார்ட்டுக்கு ஒன்று ரன்னிங்குக்கு ஒன்று என்று இரண்டு கண்டன்சர் உள்ளது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரன்னிங் கண்டன்சர் மட்டும் உள்ள மோட்டார் பார்க்க அச்சு அசலாக இதேபோல் இருக்கும், அதே ஹெச்.பி., அதே வேகம், எடையும் குறைவு. ஃபேனுக்கும் புளோயருக்கும் அது நல்ல மோட்டார். ஆனால் கிளம்பும்போது அதன் முறுக்கு முழுச்சுமை முறுக்கைக் கூட எட்டாது, பலவற்றில் பாதிதான். கண்டன்சர் ஸ்டார்ட் இரண்டு, இரண்டரை மடங்கு தரும். கடையில் கண்டன்சர் டப்பாவைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். உள்ளே 20, 25 எம்.எஃப்.டி. (கண்டன்சர் அளவு, மைக்ரோஃபாரட்) ஒன்று மட்டும் இருந்தால் உங்களுக்கு ஆகாது. கூடவே 80, 100 என்று பெரிய எண் போட்டது இருக்க வேண்டும்.

பாடி முழுதாக மூடியது, பின்னால் ஃபேன் உள்ளது, தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஐ.பி. எண் 54 அல்லது 55. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வளையத்தின் அடியில் நீங்கள் குண்டூசியால் குத்திப் பார்த்த கல், காற்றுத் திறப்பு வழியாகத் தூளாகப் போய் ஈரம் பட்டு இறுகியதுதான். இவ்வளவு எழுதிவிட்டு ரீவைண்டிங் பற்றிச் சொல்லாமல் விட்டால் தொழிலுக்கு நான் நேர்மையாக இருந்ததாகாது. உங்கள் மோட்டாரைத் திரும்பக் கட்டலாம், நன்றாகவும் ஓடும். ஆனால் திறந்த பாடி திறந்த பாடிதான். கலவை மிஷினுக்காக அதைக் கட்டித்தர எனக்கு மனசில்லை.

கடைசல் பட்டறை:

வைண்டிங்காரர் கரண்ட் பக்கம் எல்லாம் சொல்லிட்டாரு. நான் இரும்புப் பக்கம் சொல்றேன்.

தம்பி, பழைய தண்டை வெர்னியர்ல பிடிச்சுப் பாருங்க. பழைய மிஷின்ல முக்கால் அங்குலத் தண்டு இருக்கும், 19.05 மி.மீ. இப்ப வர்ற மோட்டார்ல 80 ஃபிரேம்னா (ஃபிரேம்ங்கறது மோட்டார் பாடியோட அளவு நம்பர்) தண்டு 19 மி.மீ. பழைய புல்லியை 19-ல போட்டா சும்மா வழுக்கிட்டுப் போய் உக்காரும், சரியாத்தானே இருக்குன்னு தோணும். 0.05 மி.மீ. லூசு. கலவை மிஷின் மாதிரி குலுங்குற மிஷின்ல அந்த லூசு போதும், ரெண்டு மாசத்துல சாவியை (புல்லியைத் தண்டோட பூட்டுற சின்ன இரும்புக் கட்டை) தின்னு தண்டையும் தின்னுடும். சாவியும் சேராது. பழசு 3/16 அங்குலம், 4.76 மி.மீ.; புதுசு 6 மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) வெச்சு அடிக்காதீங்க, புதுப் புல்லி போட்டுடுங்க.

சிங்கிள் பேஸ் 1 ஹெச்.பி. நாலு போல் பல கம்பெனில 90 ஃபிரேம்லதான் வரும். அப்படின்னா தண்டு 24 மி.மீ., நீளம் 50, சாவி 8 மி.மீ. கால் ஓட்டை 80-க்கு 125க்கு 100, 90 எஸ்ஸுக்கு 140க்கு 100, 90 எல்லுக்கு 140க்கு 125. எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஃபிரேம் நம்பர் ஒண்ணுன்னா இந்த அளவு ஒண்ணுதான், அதனால ஃபிரேம் நம்பரைக் கேட்டுட்டு வந்தே தட்டு வெட்டிடலாம். உங்க பழைய ஓட்டைக்குச் சேராது. மிஷின் ஃபிரேம்ல புதுசா ஓட்டை போட்டுச் சல்லடை ஆக்காம, 8 மி.மீ. தட்டு ஒண்ணு பழைய ஓட்டைல போல்ட் பண்ணி, அதுமேல மோட்டாரை வைங்க. தட்டுல நீள ஓட்டையா வெட்டுங்க, பெல்ட் இழுக்க 30, 40 மி.மீ. நகரணும்.

பழைய புல்லியைக் கழட்டும்போது சுத்தியல் எடுக்காதீங்க. மோட்டாரே போச்சு, அடிச்சா என்னன்னு நினைப்பீங்க. பெரிய புல்லியும் இதே கையோட கழட்டத் தோணும், அங்க சுத்தியல் அடி தண்டு பேரிங்கைக் குழி பண்ணிடும். சாவி மேல இருக்குற செட் ஸ்க்ரூவை முழுசா வெளிய எடுங்க. பல பேர் ஒண்ணை எடுத்துட்டு அடியில பூட்டுக்குன்னு இன்னொண்ணு இருக்குறதைப் பாக்காம மல்லுக்கு நிப்பாங்க. எண்ணெய் விட்டு ராத்திரி ஊற விட்டு, மூணு கால் புல்லர் போட்டு இழுங்க.

மாட்டுனப்புறம் ஒரு நூலை எடுத்து ரெண்டு புல்லி முகத்துலயும் இழுத்துப் பிடிங்க. நாலு இடத்துலயும் தொடணும். புது மோட்டார் தண்டு நீளமா இருக்குறதால புல்லி 10 மி.மீ. வெளிய நிக்க வாய்ப்பு இருக்கு. பெல்ட் டைட்டு, ரெண்டு புல்லிக்கும் நடுவுல கட்டைவிரல்ல அழுத்துனா உங்க மிஷினுக்கு 5 மி.மீ. இறங்கினாப் போதும். வீணை நரம்பு மாதிரி இழுத்தீங்கன்னா மோட்டார் முன் பேரிங் போயிடும்.

மூணு பேஸ்:

ஒரு மாற்று யோசனை. 0.75 கிலோவாட் மூணு பேஸ் மோட்டார், 230 டெல்டா 400 ஸ்டார் (சுருள்களை இணைக்கும் இரண்டு விதம்) என்று தகட்டில் இருப்பதாக வாங்கி டெல்டாவில் இணைத்து, சிங்கிள் பேஸ் 230 வோல்ட் உள்ளே போய் மூணு பேஸ் வெளியே வரும் டிரைவ் ஒன்று போட்டால் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சும் இல்லை, கண்டன்சரும் இல்லை. ஸ்டார்ட்டிங்கில் 40 ஆம்பியர் அடியும் இல்லை. மெதுவாகக் கிளம்பும். திசை மாற்றவும் பட்டன் போதும்.

வைண்டிங்காரர்:

உண்மைதான், மோட்டாருக்கு அதைவிடச் சுகமான வாழ்க்கை கிடையாது. கூரைக்குக் கீழே ஒரே இடத்தில் நிற்கிற மிஷின் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். இது வெயிலில் நின்று, தண்ணீர் பீய்ச்சிக் கழுவப்பட்டு, வண்டியில் ஏறி இறங்குகிற மிஷின். டிரைவை மூடிய பெட்டியில் வைத்தால் சூடு, திறந்து வைத்தால் சிமெண்ட். வேலை நடுவில் அது நின்றால் அங்கே இருக்கிற யாராலும் கை வைக்க முடியாது. கண்டன்சர் என்றால் பையில் ஒன்று வைத்திருந்து கால் மணி நேரத்தில் மாற்றிவிடலாம்.

கொத்தனார் மகனுக்கு இன்னும் ஒன்று. வெறும் சுவிட்சை எடுத்துவிட்டு, உள்ளே காந்தச் சுருள் வைத்த ஸ்டார்ட்டர் போடுங்கள். கரண்ட் போனால் விழுந்துவிட வேண்டும். வந்ததும் தானாக ஓடக் கூடாது. டிரம்முக்குள் கை விட்டு ஒட்டியதைச் சுரண்டுகிற நேரத்தில்தான் கரண்ட் வரும். அதில் கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயை மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்கே வையுங்கள். அடிக்கடி விழுகிறது என்று மேலே ஏற்றி வைத்தால் அந்த ரிலே இருந்தும் இல்லாததுதான். ஈரத்தில் நின்று வேலை செய்கிற இடம், 30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கர் கட்டாயம். எர்த் ஒயரை ஃபிரேமில் பெயிண்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து முடுக்குங்கள்.

கலவையோடு நின்றுவிட்டால் டிரம்மைச் சாய்த்துக் கொட்டிவிட்டுக் காலியாக ஸ்டார்ட் செய்து, அள்ளித் திரும்பப் போடுங்கள். இடுப்பு வலிக்கும், தெரியும். மூன்று விநாடிக்குள் “டிக்” கேட்கவில்லையா, உடனே அணையுங்கள். வேகம் ஏறும் என்று காத்திருக்காதீர்கள்.

கொத்தனார் மகன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, வேலை முடிந்துவிட்டது.

முதலில் 4 சதுர மி.மீ. ஒயர் வாங்கினேன். கடையில் காட்டிய முதல் மோட்டாரின் டப்பாவைத் திறக்கச் சொன்னேன். 25 எம்.எஃப்.டி. ஒன்று மட்டும் இருந்தது. ஐயா சொல்லாவிட்டால் அதைத்தான் தூக்கி வந்திருப்பேன். இரண்டாவதாகக் காட்டியதில் இரண்டு கண்டன்சர், 90 எஸ் ஃபிரேம், 1425 ஆர்.பி.எம்., ஐ.பி. 55, தகட்டில் 6.8 ஆம்பியர்.

பழைய தண்டை வெர்னியரில் பிடித்தேன். பட்டறை அண்ணா சொன்ன 19.05 அப்படியே வந்தது. 24 மி.மீ. துளையிட்ட புதுப் புல்லி போட்டேன். செட் ஸ்க்ரூவுக்கு அடியில் இன்னொரு செட் ஸ்க்ரூவும் இருந்தது அண்ணா. அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் புல்லரை உடைத்திருப்பேன்.

முதலில் பெல்ட் இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். சுற்றும் திசை தலைகீழாக இருந்தது. டிரம்மில் அம்புக்குறி பழைய பெயிண்டில் மங்கலாக இருக்கிறது. டெர்மினலில் ஸ்டார்ட்டிங் சுருளின் இரண்டு முனையை மட்டும் இடம் மாற்றினேன், திசை சரியானது. பிறகு பெல்ட் மாட்டிக் காலி டிரம்மை ஓட்டினேன். சுவிட்சைத் தொட்டு ஒரு விநாடிக்குள் அந்த “டிக்”. இவ்வளவு வருடம் இந்த மிஷின் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அந்தச் சத்தத்தை ஒரு தடவை கூடத் தனியாகக் கேட்டதில்லை. அப்பா சுவிட்ச் போட்டதும் ஒரு கணம் தலையைச் சாய்த்து நிற்பார், பிறகுதான் சட்டியைத் தூக்குவார். எதற்கு அப்படி நிற்கிறார் என்று நான் கேட்டதே இல்லை. இதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

டிரம் விளிம்பில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன், நிமிடத்துக்கு 27, 28. கிளாம்ப் மீட்டரில் காலி டிரம் 4.6 ஆம்பியர், முழுக் கலவையோடு 6.1. ஓவர்லோட் 6.8-இல் நிற்கிறது, வேலை முடியும்வரை ஒரு தடவையும் விழவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். பினியனும் பல் வளையமும் சேருமிடத்தில் முன்பை விடச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. கிரீஸ் வைக்கலாமா?

கடைசல் பட்டறை:

திறந்த பல்லுக்குக் கிரீஸ் வைக்காதீங்க தம்பி. கிரீஸ்ல சிமெண்டும் மணலும் ஒட்டினா பல்லு தேய்க்கிற பசை ஆயிடும். அந்த வளையத்துல காய்ஞ்சு ஓடுற பல்லு பத்து வருஷம் ஓடும், கிரீஸ் வெச்ச பல்லு ரெண்டு வருஷத்துல கத்தி முனை ஆயிடும். தண்டு பேரிங் நிப்பிளுக்கு மட்டும் கிரீஸ். சத்தத்துக்குக் காரணம் வேற இருக்கலாம். பெல்ட்டை மாட்டி இழுத்ததுல பினியன் தண்டு ஒரு பக்கம் சாஞ்சிருக்கும். பல்லுல சாக்பீஸ் தடவி ஒரு சுத்து கையால சுத்துங்க, பல்லோட முழு அகலத்துக்கும் அழியுதா, ஓரத்துல மட்டும் அழியுதான்னு பாருங்க. ஓரத்துல மட்டும்னா தண்டு பேரிங் பிளாக்கோட நாலு போல்ட்டையும் லூஸ் பண்ணி, ஒரு பக்கம் மெல்லிய தகடு குடுத்துத் திரும்ப முடுக்குங்க. கையால சுத்துறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கி உங்க பக்கத்துல, கண்ணுல படுற மாதிரி வெச்சுக்குங்க.

கொத்தனார் மகன்:

ஓரத்தில் மட்டும்தான் அழிகிறது அண்ணா, மோட்டார் பக்க ஓரம். நாளைக் காலையில் போல்ட்டைத் தளர்த்துகிறேன்.